நைனாவைத் தூக்கிய நாற்காலி

எங்கள் வீட்டு ஜன்னலில் தொங்கிய சோற்றுக்கற்றாழை அழுகிப்போனபோதுதான் நைனா தண்ணீர் குடிப்பதில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது.

கற்றாழை அழுகுவது லேசில் நடக்கிற காரியமில்லை. எர்ணாவூர் குடியிருப்பில் எங்களுக்குத் தரைத்தள வீடு. அந்த ஜன்னலில் அது நாலு வருஷமாக, யாரும் தண்ணீர் ஊற்றாமலே, கம்பெனிப் புகையையும் லாரித் தூசியையும் தின்று கொழுத்துக்கொண்டிருந்தது. அம்மா ஒரு நாள் அடித்தண்டைத் தொட்டாள். கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் நின்றது. ஜன்னலுக்குக் கீழேதான் நைனா உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி.

காலையில் அவர் பக்கத்தில் வைக்கும் சொம்பு மத்தியானம் காலியாக இருக்கும். "இன்னா நைனா, தண்ணி லாரிய வூட்டாண்டயே நிறுத்திடலாமா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார். மொத்தத்தையும் குடித்தது கற்றாழை.

நைனாவுக்கு வாதம் வந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. இடது கை தொங்கிப்போனது. இடது கால் பாதி வேலை செய்யும். வாய் தப்பித்துவிட்டது, அது எங்கள் துரதிர்ஷ்டம் என்று நான் சொல்வேன். நிற்க வைத்துவிட்டால் கைத்தடியை ஊன்றி, சுவரோரமாக, கக்கூஸ் வரைக்கும் தானே போய்த் தானே திரும்பிவிடுவார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதுதான் முடியாது. யாராவது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கவேண்டும்.

அம்மா விடியும் முன்பே காசிமேட்டில் இறால் உரிக்கப் போய்விடுவாள். நான் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறேன், எந்த நேரம் எங்கே லோடு என்று எனக்கே தெரியாது. நடுவில் நைனாவுக்கு அவசரம் வந்தால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடவேண்டும். அந்த அக்கா நல்லவள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒரு அந்நியப் பெண் தன்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, கக்கூஸ் வாசல் வரைக்கும் கொண்டுவிட்டு, வெளியே காத்திருப்பது நைனாவுக்குத் தாங்கவில்லை. தண்ணீர் உள்ளே போனால்தானே வெளியே வரும்? அவர் கண்டுபிடித்த வழி அதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டினார். இப்படியே போனால் கிட்னி கெட்டுவிடும் என்றார். அங்கே கை கால் பயிற்சி கொடுக்கும் மேடம்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: எழுப்பிவிடுகிற நாற்காலிகள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள், ஆனால் அளவு எடுக்காமல் போகாதீர்கள். முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை ஓர் அளவு. முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஓர் அளவு. வீட்டு வாசல் அகலம். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியவேண்டும், அதுதான் முக்கியம் என்றார்.

எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. பத்தாவதை இரண்டு தடவை எழுதியதோடு எழுத்து வேலை முடிந்துவிட்டது. வண்டியிலிருந்த சணல் கயிற்றை எடுத்து, நைனாவின் காலோடு வைத்து முடிச்சு போட்டேன்.

"இன்னாடா, சவப்பொட்டிக்கு அளவு எடுக்கிறியா?" என்றார் நைனா.

"ஆமா நைனா. ஒனக்குப் பொட்டி செய்யணும்னா டபுள் ஆளு கூலி கேப்பான். அதான் நாற்காலியே வாங்கிடலாம்னு."

"மாமு வந்தாத்தான் நான் வருவேன்."

மாமு என்று அவர் சொல்வது ராயபுரத்தில் இருக்கும் அவருடைய தோஸ்து. எனக்கு மாமா. நைனா துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்தவர். கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு, கிரேன் டிரைவருக்குக் கையால் சைகை காட்டும் வேலை. கீழே சரக்கு எங்கே இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. சிக்னல்மேனின் கையைப் பார்த்துத்தான் லீவரை அசைப்பார். மாமாதான் அந்த டிரைவர். இருபது வருஷத்துக்கு மேல் நைனாவின் கையைப் பார்த்தே பிழைத்தவர். வேஷ்டி எடுக்கப் போனாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள்.

யானைக்கவுனிப் பக்கம் சக்கர நாற்காலி, வாக்கர், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் விற்கும் ஒரு கடை. நைனாவை வண்டியில் என் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். அம்மாவும் மாமாவும் ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். ஏசி போட்ட கடை. செருப்பைக் கழற்றவேண்டுமா என்று அம்மா என் காதில் கேட்டாள். கடையில் இருந்த அக்கா சிரித்துக்கொண்டே, "அப்படியே வாங்கம்மா" என்றார்.

முதலில் என் கண்ணில் பட்டது பழுப்பு நிறத்தில், யானைக்குட்டி மாதிரி ஒரு சோபா நாற்காலி. கை வைக்கும் இடத்தில் டம்ளர் வைக்கக் குழி. நான்தான் முதலில் குந்தினேன். அப்படியே உள்ளே போனேன். முதுகு சாய்ந்தது, கால் தானாக மேலே வந்தது. கண்ணை மூடிவிட்டேன்.

"இதான்! இதையே கட்டுங்க!" என்றேன்.

"எய்ந்திர்டா கய்தே," என்றாள் அம்மா. "ஒனக்கா வாங்க வந்தோம்?"

நைனாவை அதில் இறக்கினோம். மெத்தை அவரை விழுங்கியது. முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விட்டது. பாதம் தரையில் முழுதாகப் பதியவில்லை. முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

"எப்படி கீது நைனா?"

"ஷோக்கா கீது. எய்ந்துக்க வேண்டிய ஜோலி இல்லன்னா இதுலயே செத்துடலாம்."

அவரை வெளியே எடுக்க நான், மாமா, கடையில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், மூன்று பேர் வேண்டியிருந்தது. நான் சணல் கயிற்றை அப்போதுதான் எடுத்தேன். முதல் முடிச்சைக்கூட அந்த நாற்காலி எட்டவில்லை. மெத்தென்று இருப்பதுதான் சௌகரியம் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். எழ வேண்டியவனுக்கு மெத்தை சேறு மாதிரி.

இரண்டாவது நாற்காலி உயரம் சரியாக இருந்தது. பக்கவாட்டில் மரப்பிடி, இழுத்தால் கால் மேலே வரும். நைனா இழுத்தார். கால்பலகை வந்தது. திரும்ப மடக்க இரண்டு குதிகாலாலும் கீழே அமுக்கவேண்டும். வலது கால் அமுக்கியது. இடது கால் சும்மா படுத்திருந்தது. பலகை பாதியில் கோணலாக நின்றது. கடை அக்கா தானே குனிந்து அதை மடக்கிவிட்டார்.

"வேற ஒண்ணு காட்றேன் ஐயா. இதுல மோட்டார் இருக்கு."

மூன்றாவது, பார்க்க ஒன்றுமே இல்லை. சாம்பல் நிற ரெக்சின். கொஞ்சம் கெட்டியான மெத்தை. கயிற்றை வைத்துப் பார்த்தேன். இரண்டு முடிச்சும் சரியாக உட்கார்ந்தன. பக்கத்தில் ஒரு வயரின் நுனியில் ரிமோட். இரண்டே பட்டன், ஒன்று மேலே, ஒன்று கீழே.

மாமா ரிமோட்டைக் கையில் வாங்கினார். யாரும் அவரிடம் கொடுக்கவில்லை, அவராகவே வாங்கிக்கொண்டார். நாற்காலிக்கு எதிரே நாலடி தள்ளி நின்றார். நைனா அவரைப் பார்த்தார். வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலால் மெதுவாக ஒரு வட்டம் போட்டார்.

"ஹபீஸ்," என்றார்.

ஹபீஸ் என்றால் தூக்கு. ஆரியா என்றால் இறக்கு. கப்பல்காரர்கள் காலம் காலமாகச் சொல்லும் வார்த்தைகள். மாமா பட்டனை அமுக்கினார். நாற்காலிக்குள் 'ம்ம்ம்' என்று சத்தம் வந்தது. நாற்காலி பின்னாலிருந்து மெல்ல உயர ஆரம்பித்தது. நைனாவின் இடுப்புக்கு அடியில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தூக்குவது போல. விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. திடீரென்று கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிப் பிரிந்தன, ஒரு சிட்டிகை உப்பு எடுப்பது மாதிரி. மாமா பட்டனை விட்டு விட்டு அமுக்கினார். நாற்காலி அங்குலம் அங்குலமாக ஏறியது. நைனா இடது பாதத்தைச் சரிசெய்து பதித்தார். விரல் மறுபடியும் சுற்றியது. பிறகு உள்ளங்கை விரிந்து அப்படியே நின்றது. நாற்காலியும் நின்றது.

நைனா கைப்பிடியைப் பற்றினார். நின்றார்.

துறைமுகத்துக்குள் என்னை மாதிரி ஆட்களை விடமாட்டார்கள். அவர் வேலை செய்து நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வீட்டில் அவர் கை பீடி பிடிக்கும், மீன்முள் எடுக்கும், என் முதுகில் அடிக்கும். அதற்குள் இப்படி ஒரு கை இருந்தது எனக்குத் தெரியாது. விரல் நகத்தின் அசைவுக்கு மாமா வேலை செய்தார். அவர் நைனாவின் முகத்தைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தார். கண் சிமிட்டவில்லை. இப்படித்தான் எத்தனை கப்பல் வயிற்றிலிருந்து எத்தனை ஆயிரம் மூட்டையைத் தூக்கியிருப்பார்கள்! கடை அக்கா வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஆரியா," என்றார் நைனா. விரல் கீழே பார்த்துச் சுற்றியது. இறங்கினார். மறுபடியும் ஹபீஸ். மறுபடியும் ஆரியா. நாலு தடவை. இரண்டு கிழவர்களும் சிரிக்கவே இல்லை, அவ்வளவு மும்முரம்.

"இதையே பில்லு போடுங்க," என்றேன்.

"இருடா," என்றாள் அம்மா. அவள் இவ்வளவு நேரமும் ஓர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "அல்லாம் ஷோக்காதான் கீது. காலைல நீ லோடு ஏத்தப் பூட்ற. நான் எறா உரிக்கப் பூட்றேன். அந்த பட்டன எவன் அமுக்குவான்?"



"நான் வர்றேன்," என்றார் மாமா.

"தெனம் ஆறு தபா ராயபுரத்துலருந்தா?"

மாமா கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். நைனாவே அமுக்கலாம் என்பது எங்களில் யாருக்குமே தோன்றவில்லை, அதுதான் ஆச்சரியம். துறைமுக ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சிக்னல் காட்டுகிறவன் லீவரைத் தொடக்கூடாது, லீவர் பிடிக்கிறவன் சிக்னல் காட்டக்கூடாது. தொட்டால் கீழே இருப்பவன் தலையில் சரக்கு விழும். அது அவர்கள் உடம்பில் ஊறிப்போன சட்டம். நைனா அந்தப் பட்டனைக் கையாலும் தொடவில்லை, தொடவேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

"நைனா, நீயே அமுக்கு," என்றேன்.

"நானா? சிக்னல்மேன் லீவர தொடலாமாடா?"

"இங்க லோடும் நீதான், சிக்னலும் நீதான், டிரைவரும் நீதான். மூணு சம்பளம் வாங்கிக்க."

மாமா ரிமோட்டை அவர் கையில் வைத்தார். நைனா அமுக்கினார். நாற்காலி ஏறியது. பாதி உயரத்தில்தான் தெரிந்தது. அவருக்கு இருப்பது ஒரே கை. அந்தக் கையில் ரிமோட். உடம்பு முன்னால் சரிகிறது, பிடித்துக்கொள்ளக் கையில்லை. ரெக்சினில் இடுப்பு வழுக்கியது. நான் பாய்ந்து பிடித்தேன். ரிமோட் வயரோடு கீழே தொங்கி ஆடியது.

அவரை உட்கார வைத்ததும் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். முகம் சிறுத்துவிட்டது.

"வோணாம். வா போலாம்."

"நைனா..."

"வோணாண்டா. சொல்றேன்ல. எனக்கு நாற்காலியும் வோணாம், ஒண்ணியும் வோணாம். அந்த ஓட்ட சேரே போதும்."

அம்மா எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் தொட்டியில் வேறு செடி வைத்தாலும் அதுவும் அழுகும்.

மாமாதான் அசையவில்லை. "எய்ந்திரு, நான் குந்திப் பாக்கிறேன்," என்றார். நைனாவைப் பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு மாற்றினோம். மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். தன் இடது கையைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு வைத்துக்கொண்டார். வலது கையால் ரிமோட்டைப் பிடித்தார். ஏறினார். சரிந்தார். என் மேல் விழுந்தார். இறங்கினார். மறுபடியும் ஏறினார். கடைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் வேடிக்கை பார்த்தது. நாலாவது தடவை ரிமோட்டைத் தூக்கிப் பிடித்து முறைத்தார்.

"இத்த எவன்டா தனியா வயர்ல தொங்க வுட்டான்? கேபின்ல லீவரு எங்க கீது? கை எங்க கீதோ அங்க கீது. கையப் போய் லீவரு தேட வைக்கலாமா?" கைப்பிடியின் முன்நுனியைத் தட்டினார். "இங்க கட்றா இத்த. உள்பக்கமா. உள்ளங்கை கைப்பிடியப் புடிச்சிக்கினா விரலு பட்டன்ல இருக்கணும்."

என் பையில் இருந்தது அளவெடுத்த சணல் கயிறுதான். கடை அக்காவைப் பார்த்தேன்.

"கட்டிப் பாருங்க," என்றார் அவர். "சரியா வந்தா நாங்களே ஒட்டுப்பட்டை வச்சுத் தர்றோம்."

கட்டினேன். ஸ்டூலில் இருந்த நைனா அவ்வளவு கோபத்திலும் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார்.

"அது இன்னா முடிச்சு? முறுக்குப் பொட்லம் கட்றியா? ஒரு தபா சுத்தி அடியால இஸ்து வாங்கு. ஆங். இன்னோரு தபா. இப்ப இறுக்கு."

அவரைத் திரும்ப உட்கார வைத்தோம். உள்ளங்கை கைப்பிடியின் மேல் படிந்தது. நடுவிரல் தானாகப் பட்டனில் போய் நின்றது. அமுக்கவில்லை. எதிரே பார்த்தார்.

"எவன்டா சிக்னலு?"

மாமா நாலடி தள்ளிப் போய் நின்றார். கொஞ்சம் தயங்கினார். பிறகு தன் வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலால் ஒரு வட்டம் போட்டார். அவருக்கு அது சரியாக வரவில்லை. டீ ஆற்றுகிற மாதிரி இருந்தது.

"ஹபீஸ்," என்றார் மாமா.

நைனா அவர் கையையே பார்த்தார். பட்டனை அமுக்கினார். நாற்காலி உயர்ந்தது. மாமா சிட்டிகை காட்டினார். நைனா விட்டு விட்டு அமுக்கினார். உடம்பு முன்னால் வந்தது. கை பிடியிலேயே இருந்தது. இடது பாதத்தை இழுத்துப் பதித்தார். மாமாவின் உள்ளங்கை விரிந்தது. நாற்காலி நின்றது. நைனா கையை ஊன்றி ஓர் உந்து உந்தினார்.

நின்றார். யாரும் அவரைத் தொடவில்லை. ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அம்மா "மாதாவே" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். நடுவயதுக்கு மேல் போன ஒரு மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறான், அவ்வளவுதான். தினமும் கோடிப்பேர் செய்கிற காரியம். நான் கப்பல் கடலில் இறங்குவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கரண்ட் பூட்டா?" என்று கேட்டாள் அம்மா. அவளுக்கு மட்டும் தலை வேலை செய்தது.

"உள்ள பேட்டரி இருக்கும்மா. கரண்ட் இல்லாட்டியும் ஒரு தடவை எழுப்பி விட்டுடும்," என்றார் கடை அக்கா.

"ஒரு தபா போதும். எங்க ஏரியால அதுக்கு மேல கரண்டு போச்சுன்னா ஊரே ரோட்ல மறியலுக்கு நிக்கும்," என்றாள் அம்மா.

நாற்காலி என் வண்டியிலேயே வந்தது. முதுகுப்பகுதி தனியாகக் கழன்றதால் வாசலில் நுழைந்தது. சாயும்போது இடிக்காமல் இருக்கச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். முதல் மூன்று நாள் மாமா வந்து எதிரே நின்று சைகை காட்டினார். நாலாவது நாள் அவர் மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்று வரவில்லை. அன்றைக்கு நைனா எழுந்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மா சொம்பைத் தூக்கிப் பார்த்தாள். காலி. ஜன்னலில் இப்போது செடி எதுவும் இல்லை, ஆனாலும் வெளியே எட்டி மண் ஈரமா என்று பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் மணலியில் ஏற்ற வேண்டிய லோடு கேன்சல் ஆகிவிட்டது. பதினோரு மணி வெயிலில் வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. திறந்தேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

முழுசாக மேலே ஏறி, முன்னால் சாய்ந்து நின்றது. உட்காரும் இடத்தில் நைனா இருந்த பள்ளம் இன்னும் முழுக்க மேலே வராமல் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. கைத்தடி இல்லை. துண்டு இல்லை. எனக்கு முதலில் பயம்தான் வந்தது. தரையைப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் கக்கூஸ் பக்கமிருந்து வாளியில் மக்கு இடிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம். நடுவில் ஒரு இருமல்.

அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் அப்படியே நின்றேன்.

"யார்ரா அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான்தான் நைனா."

"இன்னா, இந்நேரத்துல?"

"லோடு கேன்சலு. வரட்டா? புடிக்கணுமா?"

"இன்னாத்துக்கு? போய் டீ சாப்ட்டு வா. அர மணி கயிச்சி வா."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த புடவையை அப்படியே கொடியில் போட்டுவிட்டு வந்தாள்.

"இன்னாடா, உள்ள பூந்த ஸ்பீடுல வெளிய வந்துட்ட? நைனா தனியாவா கீறாரு?"

"ஆமாக்கா," என்றேன். "தனியா கீறாரு."